கடைக்காரருக்கும் ஒரு நாற்காலி

திருச்சி மணிகண்டம் பக்கத்தில் கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாய் செலவில் மொத்தச் சந்தை வளாகம் கட்டினார்கள். காந்தி மார்க்கெட் வியாபாரிகள் போகவில்லை. அரசு அழைத்தது, அதிகாரிகள் பேசினார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2020 ஊரடங்கில் வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போய்விட்டு, திரும்பியும் வந்துவிட்டது. கடைசியில் வியாபாரிகளின் சங்கங்கள் சொன்னதுதான் நடந்தது. அது சரியா தவறா என்ற பழைய வழக்கை இங்கே மறுபடி விசாரிக்கப் போவதில்லை. அதிகாலையில் காந்தி மார்க்கெட் லாரிகளுக்கு நடுவே சிக்கிய திருச்சிக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். நாம் கேட்பது வேறு. கடை இருக்கும் இடம் மாறக் கூடாது என்று இவ்வளவு உறுதியாக நின்ற சங்கங்கள், கடைக்குக் காசு வரும் வழியே மாறிப்போனபோது என்ன செய்தன?

மாற்றம் கொஞ்சநஞ்சம் இல்லை. 2016 ஏப்ரலில் 21 வங்கிகளை வைத்துக்கொண்டு யுபிஐ சோதனை ஓட்டம் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் நாடு முழுவதும் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் அதில் நடந்தன. ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதால் கியூஆர் அட்டையைப் பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டியிருப்பார்கள். சவுண்ட் பாக்ஸுக்கும் அதே உறைதான். அது சொல்லும் தொகையில் பாதி காதில் விழாது. சில கூடைகளில் சவுண்ட் பாக்ஸே இல்லை. அட்டை, திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் வங்கிக் கணக்கோடு இணைந்தது. வாங்குபவர் போன் திரையில் பச்சை டிக்கைக் காட்டுகிறார், பூக்கார அம்மா தலையாட்டுகிறார். ராத்திரி மகன் போனில் கணக்குச் சொல்லும்போதுதான் ஐம்பது ரூபாய் துண்டு விழுந்தது தெரியும். அதை யாரிடம் போய்க் கேட்பது?

கேட்க ஆள் இல்லாமல் இல்லை. ஆள்கள் கூடுதலாக இருப்பதுதான் சிக்கல். அந்த ஐம்பது ரூபாய் வாங்குபவரின் செயலி, அவருடைய வங்கி, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, மகனின் வங்கி, கியூஆர் அட்டை தந்த நிறுவனம் என்று ஐந்து கை மாறி வருகிறது. வங்கிகளுக்கு 1946 முதல் இந்திய வங்கிகள் சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கமும் ரிசர்வ் வங்கியும் முன்னெடுத்து 2008-இல் உருவானதுதான் என்பிசிஐ. பணப் பரிவர்த்தனை நிறுவனங்களுக்கு 2013-இல் பேமெண்ட்ஸ் கவுன்சில் ஆஃப் இந்தியா வந்தது. இந்தத் துறை தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் அமைப்பு ஒன்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் விதிமுறை வகுத்தது. 2025 நவம்பரில் செல்ஃப் ரெகுலேட்டட் பிஎஸ்ஓ அசோசியேஷன் என்ற அமைப்புக்கு அந்த அங்கீகாரத்தையும் கொடுத்தது. வியாபாரிகள் பக்கம் தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பு, பேரவை இரண்டும் உண்டு. மே 5 வந்தால் வணிகர் தின மாநாடுகளும் உண்டு. இவ்வளவு சங்கங்கள் இருந்தும், சாத்தார வீதி ஐம்பது ரூபாய் எந்தச் சங்கத்தின் பொறுப்பு என்று கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள்.

விதி இல்லாமல் இல்லை. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. ஆளுக்கு ஆள் அனுப்பிய யுபிஐ பணம் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டி, கடையில் உறுதியாகவில்லை என்றால் ஐந்து நாளுக்குள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலே. திருச்சியில் எத்தனை கடைச் சுவரில் இதைத் தமிழில் ஒட்டியிருக்கிறார்கள்? ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று ஒட்டத் தெரிந்த நமக்கு இது ஒரு பெரிய வேலையா?

இந்தச் சங்கங்கள் எதைப் பற்றித்தான் பேசுகின்றன? கட்டணம் பற்றி. 2020 ஜனவரி முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அதற்கு ஈடாக மத்திய அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25-க்கு ஒதுக்கியது 1,500 கோடி. சிறு வணிகர் பெறும் 2,000 ரூபாய் வரையிலான தொகைக்கு 0.15 சதவீதம். நூறு ரூபாய்க்குப் பதினைந்து காசு. இதை வங்கி, செயலி, இடையில் நிற்கும் நிறுவனம் எல்லாம் பிரித்துக்கொள்ள வேண்டும். அமைப்பை நடத்தி விரிவாக்க ஆண்டுக்குச் சுமார் 10,000 கோடி வேண்டும் என்று சொல்லி, பெரிய வணிகர்களிடம் 0.3 சதவீதம் வாங்க அனுமதி கேட்டு 2025 மார்ச்சில் பேமெண்ட்ஸ் கவுன்சில் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. ஜூனில், யுபிஐக்குக் கட்டணம் வரப்போகிறது என்ற பேச்சு பொய் என்று நிதி அமைச்சகம் அடித்துச் சொன்னது. விவாதம் அங்கேயே நின்றுவிட்டது.

அப்படி நின்றிருக்கக் கூடாது என்பது நம் கருத்து. யுபிஐ இலவசம் என்று எல்லோரும் சொல்கிறோம். சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை கட்டுகிற பெட்டிக்கடைக்காரருக்கு அது இலவசம் இல்லை. என்எஸ்பி ரோட்டில் 10,000 ரூபாய்ப் பட்டுப்புடவையை கிரெடிட் கார்டில் விற்கும் பெரிய கடை, அட்டைக் கட்டணமாக நூற்றைம்பது இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு மேலே ஒரு கட்டைப்பையும் தருகிறது. அதே புடவைக்கு யுபிஐயில் 30 ரூபாய் கொடுத்தால் அந்தக் கடை குடிமுழுகிப் போகாது. பெரியவர்கள் கொஞ்சம் கொடுக்கட்டும். சிறு வியாபாரியிடம் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதட்டும். கொடுக்கிற காசுக்கு ஈடாக நிறுவனங்கள் ஊருக்கு ஊர் ஆள் வைத்துப் பதில் சொல்லட்டும். இந்தப் பேரத்தை எந்த வணிகர் சங்கமும் முன்வைக்கவில்லை. ‘கட்டணமே கூடாது’ என்பதோடு முடித்துக்கொண்டதால், அவர்கள் கேட்டிருக்க வேண்டிய மற்ற எல்லாம் கேட்கப்படாமல் போயிற்று.

அப்படிக் கேட்காமல் விட்டவற்றில் பெரியது கணக்கு முடக்கம். எங்கோ ஒரு ஊரில் ஒருவரை இணையத்தில் ஏமாற்றிப் பணம் பறிக்கிறார்கள். அவர் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்கிறார். பறித்த பணம் எந்தெந்தக் கணக்கில் போனதோ அத்தனையையும் காவல்துறை பின்தொடர்கிறது. மோசடிக்காரன் போகிற வழியில் ஒரு கடையில் 200 ரூபாய்க்குச் சாப்பிட்டு யுபிஐயில் கட்டியிருந்தால், அந்தக் கடையின் கணக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி. சில நேரம் 200 ரூபாய்க்கு மட்டும் தடை போடாமல் முழுக் கணக்கையும் முடக்கிவிடுகிறார்கள். முடக்கச் சொன்ன காவல் நிலையம் வேறு மாநிலத்தில் இருக்கும். கிளை மேலாளர் ‘எங்க கையில ஒண்ணும் இல்லீங்க’ என்பார். செக் திரும்பும், சரக்கு வராது, பையனின் கல்லூரிக் கட்டணம் நிற்கும். கேரளத்தில் 2023-இல் இது பெரும் பிரச்சினையாகி, சந்தேகத்துக்குரிய தொகைக்கு மட்டும்தான் தடை போட வேண்டும் என்ற திசையில் அங்கே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும், தொகையைக் குறிப்பிடாமல் மொத்தக் கணக்கையும் முடக்குவது சரியில்லை என்றது.

தீர்ப்பு இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ கடிதம் எழுத தில்லைநகர் டிபன் கடைக்காரருக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. சங்கம் என்பது இதற்குத்தான். விற்ற பொருளுக்கான பில், கடை உரிமம், சங்கத்தின் சான்று மூன்றையும் சேர்த்து, வங்கி வழியாக அனுப்ப ஒரு படிவம், அதை நிரப்பித்தர அலுவலகத்தில் ஒருவர். செலவு சொற்பம். இதை ஒரு சங்கம் ஒழுங்காகச் செய்தால் சந்தா கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியிருக்காது.

அரசுக்கும் இதில் பாடம் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 லட்சம் ரூபாய் கேட்டு வந்தது. விற்கும் காய்கறிக்கு வரியே கிடையாது. நோட்டீஸ் மட்டும் வந்துவிட்டது. பெங்களூரில் கடைகளில் கியூஆர் அட்டைகள் இறங்கி, ‘நோ யுபிஐ’ என்று கையால் எழுதிய தாள்கள் ஏறின. முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசிய பிறகே பழைய பாக்கி வேண்டாம் என்று முடிவானது. துறை முதலிலேயே சங்கங்களை அழைத்து யாருக்கு வரி உண்டு, யாருக்கு இல்லை என்று பேசியிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. நம் ஊரிலும் அந்த வாரம் சில கடைகளில் ‘கேஷ் இருந்தா குடுங்க’ என்ற குரல் கேட்டது.

தொழில் சங்கம் நிதித்துறையில் நமக்குப் புதிதா என்றால் இல்லை. கொடும்பாளூர் மணிக்கிராமத்து வணிகர்களைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பர்மாவில் கடன் தொழில் செய்த நகரத்தாரை, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைப் பார்த்தால் போதும். ரங்கூன் மொகல் தெருவில் பகலெல்லாம் ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டவர்கள், மாதம் ஒரு முறை கோயிலில் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானிப்பார்கள். ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கலுக்கு அந்த விகிதம்தான். எழுத்தில் சட்டமில்லை, ஆனாலும் மீறினால் தொழிலில் நிற்க முடியாது. 1929-30-இல் பர்மாவின் வங்கி விசாரணைக் குழு இதையெல்லாம் வியப்போடு பதிவு செய்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெருமையோடு இங்கே நிறுத்திக்கொள்வார்கள். மீதியையும் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் கடன் வாங்கிய பர்மிய விவசாயிக்கு இடம் இல்லை. நெல் விலை விழுந்தது, கடன் நின்றது, நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது; 1937-38-இல் அது 25 சதவீதம். நிலத்தை விரும்பி வாங்கவில்லை, கடனுக்கு ஈடாக வந்து விழுந்தது என்பது உண்மை. ஆனால் நிலம் இழந்தவர்களின் கோபம் கணக்குப் பார்க்கவில்லை. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்களின் கதைகள் செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் உண்டு. நிலமும் பின்னர் நாட்டுடைமையானது. உள்ளே அவ்வளவு ஒழுங்காக இருந்த ஒரு சங்கத்தால், வெளியே நின்றவனோடு பேச ஒரு ஏற்பாடு செய்துகொள்ள முடியவில்லை.

இன்றைய நிதிச் சங்கங்களுக்கு இது பொருந்தாது என்று தோன்றினால் திருச்சியின் கிராம விடியலை நினைத்துக்கொள்ளலாம். பெண்கள் குழுக்களுக்குக் கடன் தந்து இங்கிருந்தே வளர்ந்த குறுங்கடன் நிறுவனம். 2016-இல் ஐடிஎஃப்சி வங்கி வாங்கிக்கொண்டது. கிராம விடியல் வளர்ந்த காலத்தில்தான், 2010-இல், ஆந்திராவில் குறுங்கடன் வசூல் நெருக்கடி வெடித்து அவசரச் சட்டம் வந்தது. துறையே ஆட்டம் கண்டது. அந்த அடிக்குப் பிறகுதான் ஒழுங்கு வந்தது. நிறுவனங்களின் கூட்டமைப்பான எம்ஃபின்னுக்கு 2014-இல் ரிசர்வ் வங்கி சுய ஒழுங்கு அமைப்பு என்ற அங்கீகாரம் தந்தது. ஒரே பெண்ணுக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது, நிலுவை இரண்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று சமீபத்தில் அந்த அமைப்பே தன் உறுப்பினர்களைக் கட்டியிருக்கிறது. வசூலுக்குப் போகிறவர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் நடத்தை விதி உண்டு. முழுமையாக நடக்கிறதா என்றால் சந்தேகம்தான். ஆனாலும் கடன் வாங்கியவரின் தரப்பு விதிக்குள் வந்திருக்கிறது. பணப் பரிவர்த்தனைத் துறைக்குக் கிடைத்திருக்கும் புதிய அங்கீகாரம் அந்த வழியில் போக ஒரு ஆந்திரா தேவைப்படக் கூடாது.

கம்பெனிகளை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு வணிகர் சங்கங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வரவைக் குறைத்துக் காட்டக் கடைப் பையனின் கியூஆரை வைப்பது, அட்டையில் கட்டினால் இரண்டு சதவீதம் கூட என்பது எல்லாம் சங்கத்துக்குத் தெரியாமல் நடப்பதில்லை. 2023-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் கிளைகள் மூடப்பட்டபோது, தங்க முதலீட்டுத் திட்டத்தில் பணம் போட்டவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நின்றார்கள். திரட்டியது சுமார் 100 கோடி ரூபாய் என்று அமலாக்கத்துறை சொன்னது. வழக்கு எப்படி முடிந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது. நகைத் தொழிலில் எவ்வளவு லாபம் நிற்கும் என்று பெரிய கடைவீதியில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தாங்க முடியாத வட்டியை ஒரு கடை அறிவித்தால் அது நடக்காது என்று முதலில் தெரிவது பக்கத்துக் கடைக்காரருக்குத்தான். போட்டியாளரைக் குறை சொன்னதாகிவிடும் என்று தனி ஆள் தயங்கலாம். சங்கம் ஏன் தயங்குகிறது?

வாடிக்கையாளர்களான நம்மையும் விட்டுவிட வேண்டாம். போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டிப் பழம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வேற்றுக் கிரகத்திலிருந்து வரவில்லை. ‘காசு வரணும்னா பின் நம்பர் போடுங்க’ என்று போனில் சொன்னால் படித்தவர்களும் போடுகிறோம். பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ எடுத்துவிட்டதே இந்த ஏமாற்றுக்கு அஞ்சித்தான். கணக்கில் நமக்குத் தெரியாமல் பணம் போனால், பிழை நம்முடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாத இடத்தில், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நஷ்டம் நமக்கில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லிவிட்டது. நாமோ வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே மூடி மறைக்கிறோம்.

இவர்கள் எல்லோரும் உட்கார ஒரு மேசை வேண்டும். புதிதாக எதையும் கட்ட வேண்டாம்; ஏற்கெனவே இருக்கிறது. 1969-இல் வந்த முன்னோடி வங்கித் திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் வங்கியாளர் ஆலோசனைக் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்கிறது. திருச்சிக்கு முன்னோடி வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. பயிர்க்கடன் இலக்கு, சுயஉதவிக் குழுக் கடன், கல்விக்கடன் என்று அங்கே பேசுவார்கள். அதில் பணப் பரிவர்த்தனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். செயலி நிறுவனங்களின் சங்கம் ஒரு ஆளை அனுப்ப வேண்டும். இந்த மாவட்டத்தில் மூன்று மாதத்தில் எத்தனை பரிவர்த்தனை தோற்றது, எத்தனை நாளில் பணம் திரும்பியது என்ற கணக்கோடு வர வேண்டும். சைபர் குற்றப் பிரிவு எத்தனை கடைக் கணக்குகள் முடங்கிக் கிடக்கின்றன என்ற பட்டியலைக் கொண்டுவர வேண்டும். காந்தி மார்க்கெட், பெரிய கடைவீதி, ஸ்ரீரங்கம் பூச்சந்தை ஆகியவற்றின் சங்கங்களுக்குத் தலா ஒரு நாற்காலி. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் நாளில் நெட்வொர்க் திணறினால் என்ன மாற்று என்பதைக் கார்த்திகையிலேயே பேசிவிடலாம். 2025 மார்ச் 26-ஆம் தேதியும் ஏப்ரல் 12-ஆம் தேதியும் யுபிஐ நாடு முழுவதும் முடங்கியதைப் பார்த்தோமே.

கூட்டத்தின் முடிவுகளைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சடிக்கட்டும். மேலே 1930, அதன் கீழே ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448, அதன் கீழே முன்பு சொன்ன ஐந்து நாள், 100 ரூபாய் விதி. கடைக்குக் கடை ஒட்டுவது சங்கத்தின் வேலை. அச்சுச் செலவை நிறுவனங்கள் ஏற்கட்டும். கியூஆர் அட்டையை வீடு தேடிவந்து ஒட்டியவர்களுக்கு இது முடியாததல்ல.

ஒன்றே ஒன்று. அரசுக் கூட்டங்களை வழக்கம்போல் காலை பதினொன்றுக்கு வைத்துவிட வேண்டாம். நள்ளிரவிலிருந்து சரக்கு இறக்கிய மார்க்கெட் வியாபாரி அப்போதுதான் கணக்கு முடித்துச் சாப்பிட உட்காருவார். பூக்காரர்கள் சாயங்கால வியாபாரத்துக்கு நான்கு மணிக்கெல்லாம் கடைக்குத் திரும்ப வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு வைத்தால் இரு தரப்பும் வர முடியும்.